டேரா: காட்டில் தங்கும் ஓர் இரவும் ஒரு சொல்லின் வரலாறும்

உத்தராகண்ட் மாநிலத்தின் ராம்நகரிலிருந்து புறப்படும் பயணி, தன்கடி வாயிலில் அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டுச் சால மரக் காட்டினூடே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் டிகாலா வன ஓய்வில்லத்தை அடைகிறார். கார்பெட் புலிகள் காப்பகத்தினுள் இத்தகைய ஓய்வில்லங்கள் இன்னும் பல உள்ளன: கைரால், சர்ப்துலி, சுல்தான், மலானி, ஜிர்னா. இவற்றுள் சிறியவை மிக எளியவை. தடித்த சுவர், அகன்ற தாழ்வாரம், சில அறைகள், அவ்வளவே. மின்கம்பி அங்கே எட்டுவதில்லை. சூரியத் தகடு தரும் மங்கிய வெளிச்சம் மட்டும் உண்டு. அரிசி, பருப்பு முதலியவற்றைத் தங்குவோரே சுமந்து செல்ல வேண்டிய ஓய்வில்லங்களும் உள்ளன. இருட்டிய பின் வெளியே இறங்க அனுமதி இல்லை. புள்ளிமானின் எச்சரிக்கைக் குரலைக் கேட்டபடி உறங்குவதே அங்கு இரவின் பொழுதுபோக்கு.

இந்த எளிமையை நாடியே மக்கள் செல்கின்றனர். மனிதக் கை படாத காட்டில் ஓர் இரவு தங்கியதாக உணர்ந்து திரும்புகின்றனர். ஆனால் காட்டில் நிற்கும் கட்டடம் எதுவும் தானாக முளைப்பதில்லை. அது ஏன் அந்த இடத்தில் கட்டப்பட்டது, அதற்கு முன் அங்கே இருந்தவர் யார், அதன் பொருள்களைச் சுமந்து வந்தவர் யார் என்ற கேள்விகளைத் தொடர்ந்தால், இந்தியக் காடுகளில் தங்கும் உரிமை எவ்வாறு பங்கிடப்பட்டது என்ற வரலாறு வெளிப்படுகிறது. அவ்வரலாற்றுக்குள் நுழைய ஒரு சொல் வழிகாட்டுகிறது: டேரா.

இந்துஸ்தானி மொழியில் டேரா என்றால் கூடாரம், தங்குமிடம், தற்காலிக இருப்பு. பஞ்சாபி, மராத்தி, கன்னடம், தெலுங்கு எனப் பல மொழிகளில் அச்சொல் வழங்குகிறது. தமிழிலும் டேரா கூடாரத்தைக் குறிக்கும்; வந்த இடத்தை விட்டு நகராதவரை ‘டேரா போட்டுவிட்டார்’ என்று கேலி செய்வதும் உண்டு. தற்காலிகமாக வந்தவர் நிலையாகத் தங்கிவிடும் வேடிக்கையை அவ்வழக்கு சரியாகப் பிடித்திருக்கிறது. ஊர்ப்பெயர்களிலும் அதே நிகழ்ந்தது. சிந்து நதிக்கரையின் டேரா இஸ்மாயில் கான், டேரா காஜி கான் ஆகிய நகரங்களின் பெயர்களில் ஒரு தலைவனின் முகாம் உறைந்துள்ளது. டேராடூன் என்ற பெயருக்குப் பரவலாக ஏற்கப்படும் விளக்கமும் அதுவே: சீக்கியரின் ஏழாம் குருவான ஹர் ராயின் மகன் ராம் ராய், 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘டூன்’ பள்ளத்தாக்கில் அமைத்த டேரா. வனப் பள்ளி 1878-இலும் வன ஆராய்ச்சி நிறுவனம் 1906-இலும் தொடங்கப்பட்டது அந்நகரில்தான். இந்தியக் காட்டு நிர்வாகத்தின் தலைமையகமே, பெயரளவில், கலையாது நின்றுவிட்ட ஒரு முகாம்.

முகாமிட்டபடியே ஆள்வது முகலாயருக்கு முன்பே இந்தியாவில் இருந்த வழக்கம். முகலாயர் அதனைப் பெரும் நிர்வாகக் கலையாக வளர்த்தனர். பேரரசரின் ஒரு முகாமை இடம்பெயர்க்க 100 யானைகளும் 500 ஒட்டகங்களும் 400 வண்டிகளும் 100 சுமைதூக்குவோரும் தேவைப்பட்டதாக அபுல் ஃபசலின் ஆயின்-இ-அக்பரி கணக்கிடுகிறது. கூடாரத் தொகுதிகள் இரண்டு இருந்தன. பேரரசர் ஒன்றில் உறங்கும்போதே மற்றொன்று அடுத்த இடத்தில் எழுப்பப்பட்டுவிடும். வேட்டை அப்பயணத்தின் ஓர் அங்கம். கமர்கா எனப்பட்ட வளைப்பு வேட்டையில் பெரும் படை வட்டமாகச் சூழ்ந்து விலங்குகளை நடுவே ஒடுக்கியது. 1567-இல் லாகூர் அருகே அக்பர் நடத்திய கமர்கா, விளையாட்டாக மட்டுமின்றிப் படைப் பயிற்சியாகவும் குறுநிலத் தலைவர்களுக்கு விடுத்த எச்சரிக்கையாகவும் விளங்கியது. முகாம் என்ற சொல்லே நிற்குமிடம், தங்குமிடம் என்னும் பொருளுடைய அரபுச் சொல். பாரசீகம் வழியாக இந்திய மொழிகளுக்கு வந்தது. தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியரின் இல்லத்தோடு இணைந்த அலுவலகம் இன்றும் ‘முகாம் அலுவலகம்’ எனப்படுகிறது. ஆட்சியர் நகராவிட்டாலும் அவருடைய முகாம் பெயரளவில் இன்னும் பயணத்தில் இருக்கிறது.

பிரிட்டிஷ் ஆட்சி இம்மரபை விடாது பற்றிக்கொண்டது. குளிர்காலம் தொடங்கியதும் மாவட்ட அதிகாரிகள் கூடாரங்களுடன் சுற்றுப்பயணம் புறப்பட்டனர். 1864-இல் டீட்ரிச் பிராண்டிஸ் தலைமையில் வனத்துறை அமைந்தபின் காட்டுக்கும் அத்தகைய அதிகாரி வந்தார். மரங்களை எண்ண, வெட்டும் பகுதிகளைக் குறிக்க, தீத்தடுப்புக் கோடுகளைச் சரிபார்க்க அவர் காட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் திரிய வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் ஒரே இடத்தில் கூடாரம் அடிக்கப்பட்டால் அங்கே ஒரு கட்டடம் எழுவது இயல்பு. இவ்வாறு ஒரு நாள் நடைத்தூரத்துக்கு ஒன்றாக ஓய்வில்லங்கள் எழுந்தன. நீர் கிடைக்குமிடம், மேட்டுநிலம், பள்ளத்தாக்கு முழுவதையும் காணவல்ல பார்வை ஆகியவை இடத்தேர்வின் இலக்கணங்கள். இன்று பயணியை மயக்கும் காட்சி, அன்று கண்காணிப்புக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட காட்சி.

அப்பள்ளத்தாக்குகள் வெறுமையாக இருந்தனவா? டிகாலாவைச் சூழ்ந்த படலி டூனில் பரந்த புல்வெளிகள் உள்ளன. அவற்றை உள்ளூரில் ‘சௌட்’ என்பர். புலியையும் யானைக்கூட்டத்தையும் திறந்தவெளியில் காணும் வாய்ப்பு இப்புல்வெளிகளாலேயே அமைகிறது. இவற்றுட் பல, முன்னாளில் மனிதர் உழுத நிலமும் கால்நடை மேய்ந்த இடமும் கைவிடப்பட்டதால் உருவானவை என்று காப்பகத்தின் வரலாறே கூறுகிறது. 1856 முதல் 1884 வரை குமாவுன் ஆணையராக இருந்த ஹென்றி ராம்சே, மரவளத்தைக் காக்கும் பொருட்டு இங்கிருந்த பயிர்த்தொழிலையும் கால்நடைப் பட்டிகளையும் அகற்றினார். அதற்கு முன் மரக் குத்தகைதாரர்கள் சால மரங்களைக் கண்மூடித்தனமாக வெட்டியிருந்தனர் என்பதும் உண்மை. எஞ்சிய காடு பிழைக்க ராம்சேயின் கட்டுப்பாடு உதவியது என்பதும் உண்மை. ஆயினும் இன்று ‘இயற்கை’ எனக் காட்டப்படும் புல்வெளி, வெளியேற்றம் விட்டுச்சென்ற தடமும் ஆகும்.

அதிகாரியின் டேராவைச் சுமந்தவர் யார் என்ற கேள்விக்குக் குமாவுன் வரலாறு தெளிவான விடை தருகிறது. மலைச்சாலைகளில் வண்டி செல்லாது. ஆகவே கூடாரம், கட்டில், சமையல் பாத்திரம், குளியல் தொட்டி வரை யாவும் மனிதர் தோளில் ஏறின. ஊதியமின்றிச் சுமப்பது ‘கூலி-பேகார்’ எனவும், பெயரளவு ஊதியத்துக்குக் கட்டாயமாகச் சுமப்பது ‘கூலி-உதார்’ எனவும் வழங்கின. பால், விறகு, புல், தானியம் ஆகியவற்றை முகாமுக்கு அளிக்கும் கடமை ‘பர்தாயிஷ்’. யாருடைய முறை எப்போது என்பது கிராமத் தலைவரின் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. தமிழ் வாசகர் ‘கூலி-பேகார்’ என்ற தொடரில் சற்று நிற்கலாம். ‘பேகார்’ என்பது ஊதியமற்ற கட்டாய உழைப்பு. ஆங்கிலம் வழியாக உலகெங்கும் சுமைதூக்குவோரின் பெயராகிவிட்ட ‘கூலி’யின் மூலம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு; தமிழின் ‘கூலி’யோடும் குஜராத்தின் ‘கோலி’ இனப்பெயரோடும் அது இணைத்துப் பேசப்படுகிறது. தமிழ் மூலம் சரியெனில், உழைப்புக்கான ஊதியத்தைக் குறித்த சொல் ஊதியம் மறுக்கப்பட்டவரின் பெயராக மாறிவிட்டது.

1921 ஜனவரியில், உத்தராயணித் திருவிழாவுக்காகப் பாகேஷ்வரில் கூடிய மக்கள் இம்முறைக்கு முடிவு கட்டினர். பத்ரி தத் பாண்டே முதலிய தலைவர்கள் முன்னிற்க, கிராமத் தலைவர்கள் கொணர்ந்த கூலிப் பதிவேடுகள் சரயு ஆற்றில் எறியப்பட்டன. இனிச் சுமப்பதில்லை என மக்கள் உறுதி ஏற்றனர். அதே ஆண்டின் கோடையில் குமாவுனின் காப்புக்காடுகள் பல தீக்கிரையாயின. வனத்துறை மேய்ச்சலையும் விறகையும் தடைசெய்ததற்கு எதிரான மக்களின் சினம் அதில் வெளிப்பட்டது. அரசு குறைதீர் குழுவை அமைத்தது. 1931-இல் வன பஞ்சாயத்துகளுக்கு விதிகள் வந்தன. முகாமின் எளிய வாழ்வு எளியதாகத் தோன்றியது அதில் அமர்ந்தவருக்கே. அதைத் தோளில் தாங்கியவருக்கு அன்று என்பதை 1921 பதிவு செய்தது.

இதே காலத்தில் முகாமின் நோக்கமும் மாறத் தொடங்கியது. தேராய்-பாபர் காடுகள் ஆளுநர்களும் விருந்தினரும் வேட்டையாடும் ‘ஷிகார்’ பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. வன அதிகாரியான எஃப். டபிள்யூ. சாம்பியன் துப்பாக்கியை விடுத்து, இரவில் புலியின் கால் பட்டதும் தானே இயங்கும் புகைப்படக்கருவியை வைத்துப் படமெடுத்தார். அவருடைய நூல் 1927-இல் வெளியானது. 1936-இல் ஐக்கிய மாகாண ஆளுநராக இருந்த மால்கம் ஹெய்லியின் பெயரால், இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா இப்பள்ளத்தாக்கில் அமைந்தது. ஆட்கொல்லிகளைச் சுட்டுப் புகழ்பெற்றுப் பின்னாளில் பாதுகாப்பை வலியுறுத்திய ஜிம் கார்பெட் அதன் எல்லை வகுப்பில் ஆலோசனை தந்தார். 1947-இல் அவர் கென்யாவுக்குக் குடிபெயர்ந்தார். 1955-இல் அங்கேயே மறைந்தார். பின்னர் பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

கார்பெட் சென்று சேர்ந்த கிழக்கு ஆப்பிரிக்காவே ‘சஃபாரி’ என்ற சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்த வாயில். அரபு மொழியில் ‘சஃபர்’ என்றால் பயணம். அது சுவாஹிலியில் ‘சஃபாரி’ ஆயிற்று. சுமைதூக்குவோர் வரிசையாகச் செல்லும் வணிகப் பயணத்தையும் குறித்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரிச்சர்ட் பர்ட்டன் போன்றோரின் எழுத்துகள் வழியே ஆங்கிலத்தை அடைந்தது. 1909-இல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் மேற்கொண்ட பெருவேட்டைக்குப்பின் உலகறிந்த சொல்லாயிற்று. அதே ‘சஃபர்’ பாரசீகம் வழியாக உருதுவிலும் இந்தியிலும் பல நூற்றாண்டுகளாகப் பயணம் என்ற பொருளில் இருந்துவருகிறது. ஆயினும் இந்தியக் காட்டில் எவரும் அதனை வேட்டைக்குப் பயன்படுத்தவில்லை. அதற்கு ‘ஷிகார்’ இருந்தது. 1970-இல் புலி வேட்டை தடை செய்யப்பட்டு, 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் ‘ஷிகார்’ குற்றத்தின் பெயராயிற்று. காலியான அவ்விடத்தில் ‘சஃபாரி’ மெல்ல அமர்ந்தது. தடம் காண்பவர், பாகன், சமையற்காரர், தாழ்வாரம், விளக்கு, விடியலுக்கு முன் தேநீர் என்ற ஏற்பாடு பெரிதும் அப்படியே தொடர்ந்தது. துப்பாக்கி மட்டும் இல்லாது போயிற்று. அம்மாற்றம் சிறிதன்று, ஏனெனில் புலி பிழைத்தது. 1973 ஏப்ரல் 1 அன்று புலிகள் பாதுகாப்புத் திட்டம் டிகாலாவிலேயே தொடங்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கார்பெட்டில் 260 புலிகள் உள்ளன. நாட்டின் வேறெந்தக் காப்பகத்திலும் இத்தனை இல்லை.

ஆனால் தங்கும் உரிமையின் கணக்கு வேறு திசையில் சென்றது. திட்டம் தொடங்கிய காலத்திலேயே காலாகட் அருகே ராம்கங்கை அணை எழுந்து, பள்ளத்தாக்கின் புல்வெளிகளில் ஒரு பெரும் பகுதியை மூழ்கடித்தது. அவ்வணையின் மின் உற்பத்தித் திறன் 198 மெகாவாட். மின்கம்பி தொடாத ஓய்வில்லத்தில் பயணி இருளை வியந்து நோக்கும் அதே பள்ளத்தாக்கின் நீர்தான் சமவெளி நகரங்களுக்கு வெளிச்சம் தருகிறது. 1990-களில் ஜிர்னா, கோத்திரௌ, தாரா ஆகிய சிற்றூர்கள் காப்பகத்திலிருந்து வெளியே குடியமர்த்தப்பட்டன. ஜிர்னா என்ற ஊர் இன்று அங்கில்லை. ஜிர்னா என்ற சுற்றுலாப் பகுதி இருக்கிறது. ஜிர்னா ஓய்வில்லமும் இருக்கிறது.

இக்காடுகளில் ‘டேரா’ என்ற சொல்லை இன்றும் தம் வீட்டுக்குப் பயன்படுத்துவோர் வன குஜ்ஜர்கள். எருமைகளை வளர்த்துப் பால் விற்று வாழும் இம்முஸ்லிம் மேய்ப்பர்கள் குளிர்காலத்தில் சிவாலிக், பாபர் காடுகளிலும் கோடையில் இமயத்தின் உயர்ந்த புல்வெளிகளிலும் வாழ்ந்துவந்தவர்கள். மரத்தூண், மண்சுவர், புல்கூரை கொண்ட அவர்களுடைய வீட்டின் பெயர் டேரா. வனத்துறை அவர்களுக்கு அளித்தது பருவ அனுமதி. குடும்பத்துக்கு இத்தனை எருமைகள் எனக் குறித்து, தழை வெட்டவும் மேய்க்கவும் கட்டணம் பெற்றுக்கொண்டு வழங்கப்பட்ட தாள் அது. அத்தாளின் பார்வையில் அவர்கள் வந்துபோகிறவர்கள். சி. ராஜகோபாலாச்சாரியின் பெயர் தாங்கிய ராஜாஜி தேசியப் பூங்கா 1983-இல் அமைந்தபின், அங்கிருந்த குஜ்ஜர் குடும்பங்கள் பல ஹரித்வார் மாவட்டத்தின் பத்ரி, கைண்டிகாத்தா குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. டேரா நின்றிருந்த இடங்களைக் காடு மூடிக்கொண்டது.

இரண்டு டேராக்களையும் அருகருகே வைத்தால் வரலாறு செய்த இடமாற்றம் புலப்படும. சில வாரங்கள் தங்கிச் சென்ற அதிகாரியின் கூடாரம் கல்லும் சுண்ணமும் பெற்று, வரைபடத்தில் இடம்பிடித்து, நிலையான கட்டடமாயிற்று. தலைமுறைதோறும் திரும்பிவந்த மேய்ப்பரின் வீடு, கோப்புகளில் தற்காலிகமானதாகவே நீடித்தது. இருளும் அவ்வாறே இருவகையாயிற்று. ஓய்வில்லத்தின் இருளுக்குக் கட்டணம் செலுத்தி முன்பதிவு செய்கின்றனர். டேராவின் இருள் பின்தங்கிய நிலை எனப்படுகிறது.

இதனால் ஓய்வில்லங்களை மூடிவிட வேண்டும் என்று பொருளாகாது. ராம்நகரை அடுத்த டிக்குலியில் கோசி ஆற்றோரம் வரிசையாக எழுந்துள்ள பெரிய விடுதிகள் யானைகளின் வழித்தடத்தை நெருக்குகின்றன. அவற்றோடு ஒப்பிட்டால், சில அறைகளும் சூரியத் தகடும் கொண்ட பழைய ஓய்வில்லம் காட்டுக்கு எளிய பாரமே. காப்பகங்களில் சுற்றுலாவுக்கு உச்ச நீதிமன்றம் 2012-இல் இடைக்காலத் தடை விதித்துப் பின் விலக்கியபோது வந்த வழிகாட்டு நெறிகள், மையப்பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலா கூடாது என வரையறுத்தன. புதிய நிரந்தரக் கட்டடங்களையும் தடுத்தன. காட்டில் மனிதர் சிறிய அளவில், அடக்கத்துடன் தங்க இயலும் என்பதை அரசே ஒப்புக்கொள்கிறது என்று இதனைப் படிக்கலாம். அவ்வாறாயின், அப்படி வாழ்ந்துகாட்டியவர்களின் உரிமை மட்டும் ஏன் ஐயத்துக்குரியதாகிறது என்ற கேள்வியைத் தவிர்க்க இயலாது.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அக்கேள்வியை ஆவணக் கேள்வியாக மாற்றியுள்ளது. உத்தராகண்டில் வன குஜ்ஜர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. ஆகவே ‘பிற மரபுவழி வனவாசிகள்’ என்ற வகையில், 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், அவ்வனத்தில் வாழ்ந்ததை அவர்கள் மெய்ப்பிக்க வேண்டும். புல்கூரை வீட்டில் கல்வெட்டு கிடையாது. ஆனால் அச்சட்டத்தின் விதிகள் ஏற்கும் சான்றுகளின் பட்டியல் அகலமானது: மூத்தோரின் எழுத்துவடிவ வாக்குமூலம், அரசிதழ்கள், கணக்கெடுப்புகள், நிலவரைபடங்கள், வனத்துறையின் செயல்திட்டங்கள், விசாரணை அறிக்கைகள் ஆகியவை அதில் அடங்கும்.

இங்கேதான் பழைய முகாமின் தாள்கள் எதிர்பாராத பயன் பெறுகின்றன. மேய்ச்சல் கட்டணம் வாங்கிய கணக்கு, எருமைகளை எண்ணிய அறிக்கை, எந்தப் பகுதியில் எத்தனை டேராக்கள் இருந்தன என்று கவலையோடு குறித்த செயல்திட்டம் ஆகியவை யாவும் கட்டுப்படுத்துவதற்காக எழுதப்பட்டவை. இன்று அவை ஒரு குடும்பம் 1930-ஆம் ஆண்டுக்கு முன்பே அங்கிருந்தது என்பதற்குச் சாட்சியாக நிற்கக்கூடும். 1921-இல் மக்கள் ஆற்றில் எறிந்தது ஒருவகைப் பதிவேடு. இப்போது மக்கள் தேடி அலைவது மற்றொரு வகைப் பதிவேடு. அத்தகைய தாள்கள் டேராடூனின் நூலகங்களிலும் மாவட்ட வன அலுவலகங்களின் பழைய அலமாரிகளிலும் கிடக்கின்றன. வரலாறு, மொழியியல், மானுடவியல் மாணவர்களுக்கு இது வெறும் ஆய்வுக்களம் மட்டுமன்று. அவற்றைப் படிக்கவும், அதிகாரியின் எழுத்துக்கூட்டலில் சிதைந்துபோன குலப்பெயரையும் ஓடைப்பெயரையும் டேராவின் மூத்தோர் சொல்லும் பெயரோடு பொருத்தவும் வல்லவர் தேவைப்படுகின்றனர். ஒரு பெயர் சரியாகப் பொருந்தினால், ஒரு குடும்பத்தின் 75 ஆண்டுகள் கணக்கில் ஏறும்.